வீட்டையும் பார்த்து மருந்து எழுதிய மருத்துவர்கள்

நமது நாடாளுமன்ற நிருபர்

கொல்கத்தா: வடக்கே ரவீந்திர சரோவர் ஏரியும் அதையொட்டிச் செல்லும் பஜ்பஜ் ரயில் பாதையும், தெற்கே பிரின்ஸ் அன்வர் ஷா சாலையும் எல்லைகளாக அமைந்த பகுதி லேக் கார்டன்ஸ். அந்தச் சாலைக்குப் பெயர் தந்தவர் திப்பு சுல்தானின் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1806-ஆம் ஆண்டு வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு, கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தை ஆங்கிலேயர் கல்கத்தாவுக்கு அனுப்பி, டோலிகஞ்ச் பகுதியில் குடியமர்த்தினர்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு பயணம் திசை மாறியிருக்கிறது. சற்றுக் கடினமான நோய் என்றால் இப்பகுதி மக்களில் பலர் வேலூருக்கு ரயிலேறுகின்றனர். சுமார் 1,800 கிலோ மீட்டர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகளின் பெயர்ப் பலகைகள் வங்க எழுத்தில் இருப்பதையும், உணவகங்களில் மீன் குழம்பும் சோறும் கிடைப்பதையும் அங்கு சென்றவர்கள் அறிவார்கள். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே கோரமண்டல் விரைவு ரயில் விபத்துக்குள்ளாகி 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, அந்த ரயிலில் இருந்தவர்கள் யார் என்ற விவரம் வெளிவந்தது. தென் மாநிலங்களுக்குக் கூலி வேலை தேடிச் சென்றவர்கள் ஒருபுறம். சிகிச்சைக்காகத் தமிழகம் சென்ற நோயாளிகளும் உறவினர்களும் மறுபுறம்.

வேலூருக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு படி இருந்தது. "பாடார் டாக்தார்" என்பார்கள் வங்கத்தில். பாடா என்றால் நாம் தெரு, வட்டாரம் என்று சொல்வது. மருந்துக் கடையின் பின்புறம் மரப் பலகையால் தடுத்த சிறு அறை; அதற்குப் பெயர் "சேம்பர்". ஒரு மேசை, ஒரு பெஞ்சு, கலவை மருந்து தயாரிக்கும் கம்பவுண்டர். காலையில் சேம்பர், பகலில் வீடு வீடாகச் சென்று பார்ப்பது, மாலையில் மீண்டும் சேம்பர். பாட்டியின் சர்க்கரையும், பேரனின் மூச்சிரைப்பும், மருமகளின் இரத்தசோகையும் ஒரே மனிதரின் நினைவில் இருந்தன. இப்போது லேக் கார்டன்ஸில் அத்தகைய மருத்துவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருப்பவர்களும் வயதானவர்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

இந்த நிருபரின் பெரியப்பா கல்கத்தா நிறுவனம் ஒன்றில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். லேக் மார்க்கெட்டில் தொடங்கி, வாடகை ஏற ஏறத் தெற்கே நகர்ந்து, லேக் கார்டன்ஸில் இரண்டாம் மாடி வீடொன்றில் குடியிருந்தார். 1990-ஆம் ஆண்டு பூஜை விடுமுறைக்கு அங்கு சென்றிருந்தபோது பெரியப்பாவின் மகனுக்கு விடாத இருமல். தெருவின் மருத்துவர் வீட்டுக்கு வந்தார். முதுகில் குழல் வைத்துப் பார்த்தபின் நேரே சமையலறைக்குள் சென்றார். ஜன்னலைத் திறந்து மூடினார். கீழ்த்தளத்தில் கரி அடுப்பு மூட்டும் நேரம் எது, புகை மாடிப்படி வழியாக ஏறுகிறதா, பையன் எங்கே படுக்கிறான் என்று கேட்டார். பிறகுதான் அவர் கண்ணில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் பட்டாள். அவளும் இருமிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் அவர் கேட்டவை பத்து வயதுச் சிறுவனுக்கு விசித்திரமாக இருந்தன. எங்கே குடியிருக்கிறாய், ஓர் அறையில் எத்தனை பேர், இரவில் என்ன சாப்பிட்டாய், ஆறு மாதத்துக்கு முன் தைத்த ரவிக்கை இப்போது தொளதொளவென்று இருக்கிறதா. ரயில் பாதையோரக் குடிசையில் ஆறு பேருடன் இருந்தாள் அவள். பையனுக்கு எழுதிய சீட்டின் பின்பக்கத்திலேயே அவளுக்கு எச்சில் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பையனுக்கு வந்தது புகை இருமல். படுக்கையை மாற்றியதும் அடங்கியது. அவளுக்குக் காசநோய்.

பெரியம்மா அவளை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் உள்ள வீடு என்பது அவர் சொன்ன காரணம். அதை முழுத் தவறு என்று சொல்லவும் முடியாது. மருத்துவர் இரண்டு முறை வந்து பேசினார். மருந்து உள்ளே போனால் சில வாரங்களில் தொற்று குறைந்துவிடும், ஆனால் சம்பளத்தை நிறுத்தினால் மருந்தோடு சேர்ந்து உள்ளே போக வேண்டிய சோறு நின்றுவிடும் என்பதே அவர் வாதம். பெரியம்மா இணங்கவில்லை. வேறொரு பெண் வேலைக்கு வந்தாள். கதை அந்த வீட்டில் அத்துடன் முடிந்தது.

அகதிக் குடியிருப்புகளும் காசமும்

அந்த மருத்துவர் கேட்ட கேள்விகள் அவராகக் கண்டுபிடித்தவை அல்ல. தெற்கு கல்கத்தாவில் தொழில் செய்த அவருடைய தலைமுறையினர் அனைவருக்கும் தேசப் பிரிவினைதான் பாடசாலை. 1947-க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் டோலிகஞ்ச், ஜாதவ்பூர் பகுதிகளில் காலி நிலங்களில் கொட்டகை போட்டுக் குடியேறினர். பிஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் என்று இன்று மாடி வீடுகளோடு நிற்பவை அப்படி எழுந்த குடியிருப்புகளே. அரைவயிற்றுச் சாப்பாடு, ஒரே அறை, ஈரத் தரை. காசநோய்க்கு வேறென்ன வேண்டும்?

ரித்விக் கட்டக்கின் "மேகே டாகா தாரா" (1960) திரைப்படம் இந்த உண்மையையே கதையாக்கியது. அகதிக் குடும்பத்தைத் தன் ஒரு சம்பளத்தில் தாங்கும் மூத்த மகள் நீதா, கடைசியில் காசநோயோடு ஷில்லாங் சானடோரியத்துக்குப் போகிறாள். அவளுடைய நுரையீரலில் இருந்தது கிருமி; ஆனால் அவள் ஏன் நோயுற்றாள் என்பதற்குப் படம் காட்டும் பதில் அவள் வீடுதான். சத்யஜித் ராய் தம் பங்குக்கு, இப்சனின் நாடகத்தைத் தழுவி 1989-இல் "கணசத்ரு" எடுத்தார். கோயில் தீர்த்தத்தில் மாசு கலந்திருக்கிறது என்று சொல்லும் மருத்துவரை ஊரே எதிரியாக்குகிறது. நோயைச் சொல்லும் வரை மருத்துவர் நல்லவர்; காரணத்தைச் சொன்னால் அரசியல்வாதி ஆகிவிடுகிறார்.

ஜாதவ்பூரில் டாக்டர் குமுத் சங்கர் ராய் நிறுவிய காசநோய் மருத்துவமனை அந்த நாள்களில் தென் கல்கத்தாவின் பெரும் புகலிடம். அதன் வளாகத்தில் 2000-களில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று எழுந்தது. நாட்டில் காசநோய் ஒழிந்துவிட்டதால் அல்ல. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2025-க்குள் ஒழிப்போம் என்று மத்திய அரசு அறிவித்த இலக்கு நிறைவேறவில்லை.

இங்கே சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956-இல் தொடங்கப்பட்ட சென்னைக் காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை அவர்களது நெரிசலான வீடுகளிலுமே வைத்துச் சிகிச்சை அளித்து ஒப்பிட்டது. 1959-இல் வெளியான முடிவு உலகையே திருப்பியது: மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டுச் சிகிச்சை எவ்விதத்திலும் குறைந்ததல்ல. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. பல்லாயிரம் ஏழைகளுக்கு இது வரம். ஆனால் அதன் நிழலில் இன்னொன்றும் நடந்தது. மாத்திரை போதும் என்றானபோது சாப்பாட்டைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விட்டது.

அந்தப் பேச்சை மீட்டதிலும் அதே நிறுவனத்துக்குப் பங்கிருக்கிறது என்பது வரலாற்றின் விளையாட்டு. இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ள அந்த மையமும், மருத்துவர் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா உள்ளிட்டோரும் 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். 2,800 நோயாளிகள், அவர்களது வீட்டினர் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள். வீட்டினரில் ஒரு பாதியினருக்கு மட்டும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கூடுதலாகச் சத்து மாத்திரைகளும். 2023 ஆகஸ்டில் முடிவுகள் வெளியாயின. உணவு பெற்ற வீட்டினரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. நுரையீரல் காசநோய் மட்டும் எனில் 48 சதவீதம். தடுப்பூசி ஒன்று இவ்வளவு செய்திருந்தால் நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டியிருப்பார்கள். அரிசியும் பருப்பும் என்பதால் ஒரு நாள் செய்தியாகப் போயிற்று.

நோயாளிகளுக்கு மாதம் ரூ. 500 வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2018 ஏப்ரலில் தொடங்கி, 2024 நவம்பரில் ரூ. 1,000 ஆக உயர்த்தியது. மிகவும் மெலிந்தும் தளர்ந்தும் வரும் நோயாளிகளைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து உள்நோயாளிகளாகச் சேர்க்கும் திட்டத்தைத் தமிழகம் 2022-இல் தொடங்கியது. ரவிக்கை தொளதொளத்துவிட்டதா என்று லேக் கார்டன்ஸ் சமையலறையில் அந்த மருத்துவர் கேட்டதும் இதைத்தான்.

வேலூரில் படித்த வங்காளி

நோய்க்கும் பசிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதும்போது டாக்டர் விநாயக் சென்னைத் தவிர்க்க முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். பட்டமும் குழந்தை மருத்துவத்தில் மேற்பட்டமும் பெற்ற வங்காளி அவர். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையத்தில் சில காலம் பணியாற்றிவிட்டு, சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹரா இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களிடையே சென்றார். சங்கர் குஹா நியோகி தலைமையிலான தொழிற்சங்கம் 1983-இல் அங்கு திறந்த ஷஹீத் மருத்துவமனையில் அவரும் வங்கத்திலிருந்து சென்ற வேறு சில மருத்துவர்களும் பணியாற்றினர். 2004-இல் அவருடைய கல்லூரியே அவருக்கு விருதளித்துப் பாராட்டியது. 2007 மே 14-இல் மாவோயிஸ்டுகளுக்கு உதவியதாகக் கைது செய்யப்பட்டார். 2010 டிசம்பரில் தேசத் துரோக வழக்கில் ஆயுள் தண்டனை. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது.

அவ்வழக்கைப் பற்றி அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்கலாம். ஆனால் பட்டினியை ஒரு நோயறிகுறியாகக் குறித்துக்கொண்டே போகும் மருத்துவர், எங்கோ ஓரிடத்தில் பட்டினிக்குக் காரணம் யார் என்ற கேள்வியில் வந்து முட்டியே தீருவார். பிரிட்டனில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப மருத்துவர், வேல்ஸ் பகுதியின் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பல்லாண்டுகள் தொழில் செய்தவர், 1971-இலேயே இதை ஒரு விதியாக வகுத்தார்: மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கும், சந்தையின் கைக்குப் போகப் போக இந்தத் தலைகீழ் நிலை வலுக்கும். உலக சுகாதார நிறுவனம் மைக்கேல் மார்மட் தலைமையில் அமைத்த ஆணையம், 2008-இல் உலகளாவிய ஆதாரங்களோடு இதே திசையில் அறிக்கை அளித்தது. அமர்த்தியா சென்னும் அதன் உறுப்பினர்.

பாதையோரத்தினர்

லேக் கார்டன்ஸ் – டாகுரியா ரயில் பாதையோரத்துக் கோவிந்தபூர் ரயில் காலனி, தென் கொல்கத்தா வீடுகளுக்கு வேலையாள்களைத் தரும் இடங்களில் ஒன்று. 2000-களின் முற்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரி மாசுபடுவதற்கு இவர்களும் காரணம் என்று வழக்கு எழுந்து, இவர்களை அகற்றுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரும் போராட்டமும் நடந்தது. நோயின் சமூகக் காரணங்களைத் தேடும் ஊர், ஏழைகளையே காரணமாக்கி முடித்துக்கொள்வது எளிது.

2011 டிசம்பர் 9-ஆம் தேதி அதிகாலை, ஏரிக்கு அப்பால் டாகுரியாவில் ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்துப் புகை மாடிகளில் பரவியபோது முதலில் ஓடி வந்தவர்கள் அருகிலுள்ள பஞ்சானன்தலா குடிசைவாசிகள். காவலர்கள் அவர்களை முதலில் உள்ளே விடவில்லை என்று அன்றே செய்திகள் வெளிவந்தன. மூங்கிலும் கயிறுமாக ஏறி, கண்ணாடியை உடைத்து, தாங்கள் ஒருபோதும் அனுமதி பெற முடியாத படுக்கைகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கி வந்தார்கள். சுமார் 90 பேர் உயிரிழந்த அந்த விபத்தில் அவர்கள் இல்லாவிடில் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

அந்தப் பாதையோரத்தினர் குடும்ப மருத்துவரிடம் போனார்களா? பெரும்பாலும் இல்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் பழைய மருத்துவரைப் போற்றுவது பொய்யாகும். அவர் நடுத்தர வர்க்கத்தின் மருத்துவர். வேலைக்காரப் பெண் அவர் பார்வையில் பட்டது அவள் நடுத்தர வர்க்கச் சமையலறையில் நின்றதால். மற்றபடி குடிசைகளுக்கு மருந்துக் கடைக்காரரும், பட்டமில்லாத வைத்தியர்களுமே கதி. அவ்வகையினரைப் பற்றியும் வங்கத்திலேயே நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. வீர்பூம் மாவட்டத்தில் அவர்களுக்கு ஒன்பது மாதப் பயிற்சி அளித்துப் பார்த்தனர். 2016-இல் வெளியான முடிவின்படி, நோயைச் சரியாகக் கையாளும் திறன் மேம்பட்டது. தேவையற்ற ஆன்டிபயாடிக் தருவது மட்டும் குறையவில்லை. பின்னர் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் ஆய்வாளர்களில் ஒருவர்.

தில்லியில் எழுதி வைத்தது

சமூகத்தைப் படிக்கும் மருத்துவர் வேண்டும் என்பதைத் தில்லி அறியாமல் இல்லை. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, வருங்கால இந்திய மருத்துவர் ஒரு "சமூக மருத்துவர்" ஆக இருக்க வேண்டும் என்றது. நம் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவில் இருந்தார். மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் விதான் சந்திர ராய், பதவியில் இருந்தபோதும் நாள்தோறும் காலையில் நோயாளிகளைக் கட்டணமின்றிப் பார்த்தவர். அவர் பிறந்ததும் மறைந்ததுமான ஜூலை 1, 1991 முதல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மலர்க்கொத்துகளுக்குக் குறைவில்லை.

2016 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு, இந்திய மருத்துவக் கவுன்சிலின் செயல்பாட்டைக் கடுமையாகச் சாடிய தன் 92-ஆவது அறிக்கையில் குடும்ப மருத்துவ மேற்படிப்பை வளர்க்க வேண்டும் என்றது. 2019-இல் நிறைவேறிய தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் அது இடம்பெற்றும் விட்டது. இளநிலைப் பாடத்திட்டம் குடும்ப மருத்துவத்தின் தேவையை நிறைவு செய்ய வேண்டும். மேற்படிப்பை ஊக்குவிக்க வேண்டும். அவையில் அன்று பேசியவர்களின் கோபமெல்லாம் "நெக்ஸ்ட்" தேர்வின் மீதும், சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வரையறுத்த உரிமம் தரும் 32-ஆவது பிரிவின் மீதும் இருந்தது. குடும்ப மருத்துவம் என்ற சொல் சந்தடியின்றிச் சட்டமாயிற்று; சந்தடியின்றியே கிடக்கிறது. மருத்துவக் கல்லூரிகளுக்கான 2023-ஆம் ஆண்டின் குறைந்தபட்சத் தர நெறிமுறைகளில் கட்டாயத் துறைகளின் வரிசையில் குடும்ப மருத்துவம் இல்லை. மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது; குடும்ப மருத்துவத்தையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர் ஒருவர் கல்லூரியில் இருக்க வேண்டும் என்று இல்லை. நாட்டின் முதல் எம்.டி. குடும்ப மருத்துவப் படிப்பு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. அதன் வழியில் பெருங்கூட்டம் ஏதும் செல்லவில்லை.

பணம் போகும் வழியும் வேறு. 2018 செப்டம்பரில் தொடங்கிய மத்திய காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் வரை தருகிறது; படுக்கையில் சேர்ந்தால்தான். மேற்கு வங்கம் 2019 ஜனவரியில் அதிலிருந்து விலகித் தன் சொந்தத் திட்டத்தை நடத்தியது. அதுவும் மருத்துவமனைப் படுக்கைக்கான திட்டமே. இருமலோடு வந்தவரை அரை மணி நேரம் விசாரிக்கும் மருத்துவருக்கு எந்தத் திட்டத்திலும் பணம் கிடையாது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி மொத்தச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது. 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்று 2017-இன் கொள்கை சொன்னது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம்.

2021 ஆகஸ்டில் தமிழகம் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" இரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டு சேர்த்தது. வாசல் வரை அரசு சென்றது பெரிய காரியம். சமையலறைக்குள் எட்டிப் பார்க்க அந்தப் பணியாளருக்கு நேரமும் அதிகாரமும் தரப்பட்டுள்ளதா என்பதைக் கேட்க வேண்டியவர்கள் தமிழக வாசகர்கள்தான்.

லேக் கார்டன்ஸில் பெரியம்மா இன்னும் இருக்கிறார். எண்பதைக் கடந்துவிட்டார். மகன்தான் மாத்திரைகளை வாரப் பெட்டியில் அடுக்கி வைக்கிறார். நான்கு நிபுணர்கள் எழுதியவை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க யாருமில்லை. பழைய மருத்துவரின் சேம்பர் இருந்த இடத்தில் இரத்த மாதிரி சேகரிக்கும் நிலையம். அவர் காலமாகி ஆண்டுகள் பல ஆகின்றன.

இம்முறை இந்த நிருபர் கிளம்பும் நேரத்தில் பெரியம்மா, கேட்காமலே, அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். பிழைத்தாளா என்று யாராவது சொல்வார்களா என்றார். ரயில் காலனியில் மூவரிடம் விசாரித்ததில் அப்பெயரை யாருக்கும் நினைவில்லை. குடும்பத்துக்கு ஒரு பக்கமாக, முகவரி, தொழில், குடிநீர், அடுப்பு என்று மருத்துவர் எழுதி வைத்திருந்த நீள நோட்டுகளில் இருக்கலாம் என்று தோன்றியது. அவர் மகனைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, வீட்டை விற்ற சமயத்தில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.